எனக்குத் திறக்கிறது, புரோகிராமுக்குத் திறக்கவில்லை: கணினிக் கேள்வி – பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல அலுவலகங்களுக்குப் புதுக் கணினி வந்திருப்பது வாசகர்களின் கடிதங்களிலேயே தெரிகிறது. தோட்ட அலுவலகம், செம்பனைக் குலை வாங்கும் நிலையம், கடை, பள்ளி என்று எங்கிருந்து எழுதினாலும் கேள்வி ஒரே குடும்பம்தான்: இன்னொரு கணினியில் உள்ள ஃபோல்டர் கையால் திறந்தால் திறக்கிறது, புரோகிராம் வழியாகப் போனால் திறக்க மறுக்கிறது. அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

ஐயா, செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு) புரோகிராமின் கோப்புகள் எல்லாம் பெரிய கிராணியின் (தலைமை எழுத்தரின்) கணினியில் இருக்கின்றன. என் கணினியில் அதை இசட் டிரைவாகப் போட்டிருக்கிறேன். ஃபைல் எக்ஸ்புளோரரில் இசட்டைத் திறந்தால் எல்லாக் கோப்பும் தெரிகிறது. புரோகிராமைத் தட்டினால் ‘பாதை காணப்படவில்லை’ என்று வருகிறது. சம்பள நாள் நெருங்குகிறது, என்ன செய்வது?
— தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

அந்தப் புரோகிராமின் ஐகான் மூலையில் நீலமும் மஞ்சளுமாக ஒரு சிறு கேடயம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதிக் கதை முடிந்தது. புரோகிராம் ‘அட்மினிஸ்ட்ரேட்டராக’ ஓடுகிறது, நீங்கள் எக்ஸ்புளோரரில் சாதாரண ஆளாக உலவுகிறீர்கள். இருவர் பெயரும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸ் அவற்றை இரண்டு தனித்தனி லாகின்களாகவே வைத்திருக்கிறது. இசட் போன்ற நெட்வொர்க் டிரைவ் எழுத்து, அதைப் போட்ட லாகினுக்கு மட்டுமே சொந்தம். அட்மின் லாகினில் இசட் என்று ஒன்று கிடையாது. புரோகிராம் பொய் சொல்லவில்லை.

ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைச் சாதாரணமாகத் திறந்து ‘நெட் யூஸ்’ என்று தட்டுங்கள், பட்டியலில் இசட் இருக்கும். அதை மூடிவிட்டு, வலது கிளிக்கில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து அதே கட்டளையைத் தட்டுங்கள். இசட் இல்லையென்றாலும், ‘அன்அவெய்லபிள்’ என்று காட்டினாலும் காரணம் இதுதான்.

சரிசெய்ய மூன்று வழி உண்டு, நான் சிபாரிசு செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வழி, எழுத்தையே கைவிடுவது. புரோகிராமின் அமைப்பில் ‘இசட்:\செக்ரோல்’ என்று இருக்கும் இடத்தில் ‘\\ஆபீஸ்1\செக்ரோல்’ என்று முழுப்பாதையைக் கொடுங்கள். முன்னால் இரண்டு பின்சாய்கோடு, பிறகு கணினியின் பெயர், பிறகு ஷேரின் (மற்றக் கணினிகளுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டரின்) பெயர். முழுப்பாதை எந்த லாகினிலும் ஒரே பொருள்தான் தரும். இதோடு இன்னொரு வேலை: கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் ஆபீஸ்1 என்ற பெயருக்கு யூசர்நேமும் பாஸ்வர்டும் சேர்த்துவிடுங்கள். யூசர்நேமை ‘ஆபீஸ்1\பெயர்’ என்ற வடிவில் எழுதுவது நல்லது. இதைச் செய்யாவிட்டால், எக்ஸ்புளோரர் பாஸ்வர்ட் கேட்டு ஒரு சன்னலைக் காட்டும் இடத்தில் உங்கள் புரோகிராம் ஒன்றும் கேட்காமல் பிழையோடு நின்றுவிடும்.

இரண்டாவது, இந்தப் புரோகிராமுக்கு அட்மின் உரிமை உண்மையிலேயே வேண்டுமா என்று பார்ப்பது. பழைய கணக்குப் புரோகிராம்கள் பலவும் தம் அமைப்புக் கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுத முயலும். அதற்காகத்தான் யாரோ ஒரு காலத்தில் ‘அட்மினாக ஓட்டு’ என்று டிக் போட்டு வைத்திருப்பார்கள். புரோகிராமை ‘சி:\செக்ரோல்’ என்ற தனி ஃபோல்டரில் நிறுவி, அந்த ஃபோல்டருக்கு ‘மாடிஃபை’ உரிமை கொடுத்தால் டிக்கை எடுத்துவிடலாம்.

மூன்றாவது ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். பாதையைப் புரோகிராமுக்குள்ளேயே இறுக்கிக் கட்டிவிட்டார்கள், மாற்ற இடமே இல்லை என்றால் மட்டும் இது. லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று இறங்கி, ‘எனேபிள்லிங்க்ட்கனெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் (இடைவெளி இல்லாமல் ஒரே சொல்) 32 பிட் டிவேர்ட் ஒன்றை உருவாக்கி மதிப்பை 1 ஆக்குங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் இரண்டு லாகினுக்கும் இசட் தெரியும். ஒரு எச்சரிக்கை: புரோகிராமைத் திறக்கும்போது வேறொருவரின் அட்மின் பாஸ்வர்டைத் தட்டித்தான் உள்ளே போகிறீர்கள் என்றால் இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே ஓடுவது உங்கள் இன்னொரு லாகின் அல்ல, முற்றிலும் வேறு ஆள்.

எங்கள் குலை வாங்கும் நிலையத்தில் எடைப்பாலத்துப் புரோகிராம் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பு எழுதுகிறது. அதை அலுவலகக் கணினியின் ஷேரில் எழுதச் சொன்னால் எழுத மறுக்கிறது. ‘எவ்ரிஒன்’னுக்கு முழு உரிமை கொடுத்தும் பார்த்துவிட்டோம். அதே கணினியில் உட்கார்ந்து நான் கையால் காப்பி செய்தால் போகிறது. புரோகிராம் விண்டோஸ் சர்வீஸாக ஓடுகிறது என்று விற்றவர் சொன்னார்.
— செம்பனைக் குலை வியாபாரி

விற்றவர் சொன்ன கடைசி வார்த்தையில்தான் விடை இருக்கிறது. சர்வீஸ் என்பது நீங்கள் லாகின் செய்யும் முன்பே, உங்கள் பெயர் இல்லாமலே ஓடத் தொடங்குவது. பெரும்பாலும் ‘லோக்கல் சிஸ்டம்’ என்ற கணக்கில் ஓடும். தன் கணினிக்குள் அதற்கு எல்லா அதிகாரமும் உண்டு, வாசலைத் தாண்டினால் அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. டொமைன் (எல்லாருடைய கணக்கையும் ஒரே சர்வர் கவனிக்கும் ஏற்பாடு) உள்ள பெரிய நிறுவனத்தில் அது கணினியின் பெயரில் போய்க் கதவைத் தட்டும். உங்களைப் போல நாலைந்து கணினி வைத்து ‘வொர்க்குரூப்’பாக ஓட்டும் இடத்தில் பெயரில்லாத ஆளாகத்தான் போய் நிற்கும். ‘எவ்ரிஒன்’ என்பதில் பெயரில்லாதவர் சேர்த்தி இல்லை. அதனால்தான் முழு உரிமை கொடுத்தும் பலனில்லை. அந்த உரிமையை இப்போதே எடுத்துவிடுங்கள், அது யாருக்கும் உதவவில்லை.

செய்ய வேண்டியது, சர்வீஸுக்கென்று ஒரு பெயர் கொடுப்பது. இரண்டு கணினியிலும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வர்டோடு ஒரு கணக்கை உருவாக்குங்கள். ‘எடை’ என்று வைத்துக்கொள்வோம். எடைப்பாலத்துக் கணினி அந்தப் பெயரோடும் பாஸ்வர்டோடும் போகும்போது, அலுவலகக் கணினி தன்னிடம் உள்ள ‘எடை’யோடு ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடும். ஒரு எழுத்து மாறினாலும் விடாது.

அலுவலகக் கணினியில் ஃபோல்டரை வலது கிளிக் செய்து ‘ஷேரிங்’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’, ‘பெர்மிஷன்ஸ்’ போய், ‘எடை’க்கு ‘சேஞ்ச்’ கொடுங்கள். இது வாசல் கதவு மட்டும்தான். பக்கத்திலேயே இருக்கும் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் அதே பெயருக்கு ‘மாடிஃபை’ கொடுங்கள். இரண்டு இடத்திலும் அனுமதி வேண்டும், எது குறைவோ அதுதான் செல்லும். ஒன்றில் கொடுத்துவிட்டு மற்றதை மறப்பதுதான் இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமான தவறு.

பிறகு எடைப்பாலத்துக் கணினியில் சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து, உங்கள் சர்வீஸின் ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘லாக் ஆன்’ பக்கம், ‘திஸ் அக்கவுன்ட்’. பெயரை ‘.\எடை’ என்று எழுதுங்கள். முன்னால் உள்ள புள்ளியும் கோடும் ‘இந்தக் கணினியிலேயே உள்ள கணக்கு’ என்று சொல்வதற்கு. ஓகே கொடுத்ததும் ‘லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்’ உரிமையை விண்டோஸ் தானே சேர்த்துவிடும். சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். புரோகிராமில் பாதையை முழுப்பாதையாகக் கொடுங்கள். நீங்கள் போட்ட டிரைவ் எழுத்து சர்வீஸுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

இப்போது எல்லாரும் கோட்டை விடும் இடம். ‘எடை’ கணக்கை ‘நெட் யூசர்’ கட்டளையால் உருவாக்கினால், பாஸ்வர்டுக்கு 42 நாள்தான் ஆயுள். ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் காலையில் சர்வீஸ் தொடங்கவே மறுக்கும். யாரும் எதையும் தொடவில்லையே என்று எல்லாரும் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் அந்தக் கணக்கைத் திறந்து ‘பாஸ்வர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்’ டிக் போடுங்கள், இரண்டு கணினியிலும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்தப் பக்கம் இருக்காது. அங்கே பவர்ஷெல்லில் ‘செட்-லோக்கல்யூசர்’ கட்டளையால் இதைச் செய்யலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லாரி மேடையில் நிற்கும்போது நெட்வொர்க் போய்விட்டால் சீட்டு எங்கே போகும்? எடைக் கோப்பை நேராக ஷேரில் எழுதாமல், முதலில் தன் கணினியிலேயே எழுதி, பிறகு காப்பி செய்வதுதான் முறை. காப்பி ஆகும்போது ‘.டெம்ப்’ என்ற வாலோடு வைத்து, முழுதும் போன பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றினால், அலுவலகப் புரோகிராம் பாதிக் கோப்பை வாசித்துக் கணக்கைக் குழப்பாது. விற்றவரிடம் இதைச் செய்து தரச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலைகூட ஆகாது.

பைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் கடைக் கணினியில் உள்ள கோப்பை என் மடிக்கணினியிலிருந்து வாசிக்க எழுதிய நிரல் ‘கோப்பு இல்லை’ என்றே சொல்கிறது. பாதையை எக்ஸ்புளோரரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ கொடுத்தாலும் ‘ஃபால்ஸ்’தான்.
— கல்லூரி மாணவி

‘அப்படியே எடுத்து ஒட்டினேன்’ என்பதுதான் வினை, தங்கையே. பைத்தானில் சாதாரண மேற்கோளுக்குள் பின்சாய்கோடு வெறும் கோடு அல்ல, அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் தரும். முன்னால் இருக்கும் இரண்டு கோடும் ஒன்றாகச் சுருங்கிவிடும். ‘என்’ எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் இருந்தால் அந்த இடத்தில் வரி முறியும், ‘டி’யில் தொடங்கினால் டேப் விழும். பெரிய எழுத்து ‘யு’வில் தொடங்கினால் நிரல் ஓடாமலே ‘யூனிகோட்எஸ்கேப்’ என்று திட்டும். இவற்றையெல்லாம்விட ஏமாற்றுவது ஆண்டின் பெயரில் உள்ள ஃபோல்டர். ‘\2026’ என்று எழுதினால் பைத்தான் 202ஐ எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக மாற்றிவிடும், மிஞ்சுவது 6 மட்டும். பிரின்ட் செய்து பார்த்தால்கூடச் சட்டென்று பிடிபடாது. ‘ரெப்ர்’ போட்டு அச்சிட்டால் அசல் முகம் தெரியும்.

மேற்கோளுக்கு முன்னால் சின்ன எழுத்து ‘ஆர்’ போடுங்கள், கோடு கோடாகவே இருக்கும். ஆனால் அப்படி எழுதும் பாதை ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடியக்கூடாது. அல்லது முன்சாய்கோட்டிலேயே ‘//கடை/கணக்கு/2026’ என்று எழுதுங்கள், விண்டோஸில் பைத்தான் அதையும் ஏற்கும்.

அடுத்தது, ‘எக்ஸிஸ்ட்ஸ்’ஸை நம்பாதீர்கள். கோப்பு உண்மையிலேயே இல்லையென்றாலும் ‘ஃபால்ஸ்’, பாஸ்வர்ட் தவறென்றாலும் ‘ஃபால்ஸ்’, கணினியே அணைந்திருந்தாலும் ‘ஃபால்ஸ்’. சி ஷார்ப்பில் ‘ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ்’ஸும் இதே சாதிதான். ‘ஓப்பன்’ கொடுத்தாலும் பெரும்பாலும் ‘எர்ர்னோ 2’ என்று மொட்டையாக முடியும். அதற்குப் பதில் ‘ஓஎஸ்.லிஸ்ட்டிர்’ஐ அந்த ஃபோல்டர் மீது ஓட்டுங்கள். ‘வின்எரர்’ என்று ஒரு எண் வரும், அந்த எண் வந்துவிட்டால் நோய் எதுவென்று தெரிந்துவிடும்.

53 வந்தால் அந்தக் கணினியையே எட்டவில்லை: பெயர் தவறு, அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் ஷேர்களுக்கான 445ஆம் போர்ட்டை மறிக்கிறது. பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்குக் கணினியின் பெயரும் போர்ட் 445உம் கொடுத்தால் வழி திறந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். 67 என்றால் கணினி கிடைத்தது, ஷேரின் பெயர்தான் தவறு. 1326 யூசர்நேம் அல்லது பாஸ்வர்ட் தவறு. 5 என்றால் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள், ஆனால் அனுமதி இல்லை: செக்யூரிட்டி பக்கத்தைப் பாருங்கள். 3 என்றால் ஷேருக்குள் இருக்கும் ஃபோல்டர் பெயர் பிழை, அல்லது அந்த டிரைவ் எழுத்தே இந்த லாகினில் இல்லை. 64 அல்லது 59 பாதி வேலையில் இணைப்பு அறுந்ததைச் சொல்கிறது. அப்போது நிரலில் பிழை தேடாமல் வைஃபையைப் பாருங்கள்.

1219 என்று வருகிறது. அது பட்டியலில் உண்டா?
— மளிகைக் கடை

உண்டு. ஒரே கணினிக்கு ஒரே லாகினிலிருந்து இரண்டு வேறு பெயர்களில் போகக் கூடாது என்பது விண்டோஸின் விதி. எக்ஸ்புளோரர் ஏற்கெனவே உங்கள் பெயரில் அங்கே போயிருக்க, புரோகிராம் ‘கடை’ என்ற பெயரில் போக முயல்கிறது. ‘நெட் யூஸ்’ தட்டிப் பழைய இணைப்பைப் பார்த்து, அதே கட்டளையோடு பாதையும் ‘/டிலீட்’டும் சேர்த்து அறுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: ஒன்றுக்குப் பெயரையும் மற்றதற்கு ஐபி முகவரியையும் கொடுத்தால் விண்டோஸ் இரண்டையும் வேறு கணினி என்று நினைத்துக்கொள்ளும். ஐபி வைத்தால் ரௌட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, வேறொரு கேள்வியோடு எழுதுவீர்கள்.

கூட்டுறவுக் கடையின் கணக்கை இரவு 11 மணிக்கு இன்னொரு கணினிக்கு பேக்கப் எடுக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். கையால் இரட்டைக் கிளிக் செய்தால் வேலை செய்கிறது, இரவில் செய்வதில்லை. ‘0எக்ஸ்1’ என்று காட்டுகிறது.
— கூட்டுறவுச் செயலாளர்

மூன்று இடத்தைப் பாருங்கள். டாஸ்க்கின் முதல் பக்கத்தில் ‘லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு’ என்பதைத் தேர்ந்திருப்பீர்கள். அதற்குக் கீழே ‘பாஸ்வர்டைச் சேமிக்காதே’ என்று ஒரு டிக் உண்டு. அது இருந்தால் டாஸ்க்கால் அந்தக் கணினிக்குள் உள்ளதை மட்டுமே தொட முடியும். இதை அந்த வரியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், யாரும் வாசிப்பதில்லை. டிக்கை எடுத்து, கேட்கும்போது பாஸ்வர்டைக் கொடுங்கள்.

அடுத்து பேட்ச் ஃபைலுக்குள் டிரைவ் எழுத்து இருந்தால் முழுப்பாதையாக மாற்றுங்கள். ‘சிடி’ கட்டளையால் முழுப்பாதைக்குள் நுழைய முடியாது. கமாண்ட் பிராம்ப்ட் அதை ஏற்காமல் ஏற்கெனவே இருந்த ஃபோல்டரிலேயே நின்றுகொள்ளும், அதன் பிறகு வரும் கட்டளைகள் எல்லாம் தப்பான இடத்தில் ஓடும். டிலீட் கட்டளை ஏதாவது இருந்தால் நினைத்துப் பாருங்கள். ‘புஷ்டி’ போட்டால் தற்காலிகமாக ஒரு எழுத்தைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போகும், வேலை முடிந்து ‘பாப்டி’ போட்டால் திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, அந்த 0எக்ஸ்1. காப்பிக்கு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 1 என்பது பிழையே அல்ல, ‘புதுக் கோப்புகள் போய்ச் சேர்ந்தன’ என்று பொருள். 8க்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் நலம், 8உம் அதற்கு மேலும்தான் கோளாறு. ரோபோகாப்பிக்கு ‘/ஆர்:3 /டபிள்யூ:5’ என்றும் சேருங்கள். சேர்க்காவிட்டால் திறக்க முடியாத ஒரு கோப்புக்காக 30 விநாடிக்கு ஒருமுறை என்று பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டே இருக்கும், விடிந்தாலும் முடியாது.

நான்கு கணினியில் ஓடும் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் கணக்குக் கோப்பு ஒன்று எங்கள் ஸ்டோரில் உண்டு. ஒருவர் திறந்திருந்தால் மற்றவர்களுக்கு ‘வாசிக்க மட்டும்’ என்கிறது. சில நாள் ‘டிஸ்க் ஆர் நெட்வொர்க் எரர்’ வந்து கோப்பே கெட்டுப்போகிறது.
— ஸ்டோர் கணக்கர்

இரண்டு நோய், இரண்டு மருந்து. ஆக்ஸஸ் ஒரு கோப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே ‘.எல்ஏசிசிடிபி’ என்ற வாலோடு ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும் (பழைய வகையில் ‘.எல்டிபி’), கடைசி ஆள் மூடும்போது அதை அழிக்கும். யார் எந்தப் பதிவைத் திருத்துகிறார்கள் என்ற கணக்கு அதில்தான். எனவே நாலு பேருக்கும் கோப்பின் மீது மட்டும் உரிமை போதாது, அந்த ஃபோல்டரில் புதுக் கோப்பு உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். ஃபோல்டருக்கே ‘மாடிஃபை’ கொடுங்கள்.

கோப்பு கெடுவதற்கு நாலில் யாரோ ஒருவர் வைஃபையில் இருப்பதே முதல் சந்தேகம். ஆக்ஸஸில் தரவை எழுதுவது சர்வர் அல்ல, உங்கள் கணினியே நெட்வொர்க் வழியாகக் கோப்பின் நடுவில் கையை விட்டு எழுதுகிறது. எழுதும் பாதியில் சமிக்ஞை ஒரு விநாடி அறுந்தாலும் கோப்பு அரைகுறையாக நிற்கும். எல்லாரையும் கேபிளுக்கு மாற்றுங்கள். கேட் 5ஈ, கேட் 6 எதுவானாலும் ஒரு நீட்டம் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஸ்டோர் அலுவலகத்துக்கு வெளியே தனிக் கட்டடம் என்றால் செம்புக் கேபிளை வெளியில் இழுக்காதீர்கள். நம் ஊர் இடி மின்னலுக்கு இரு பக்கத்து சுவிட்சும் ஒரே மாலையில் போய்விடும். இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்து நடுவே ஃபைபர் இழுங்கள், ஃபைபரில் மின்சாரம் ஓடாது.

கூடவே கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஆக்ஸஸில் ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ பக்கத்தில் இதற்கான கருவி உண்டு. அட்டவணைகள் மட்டும் ஷேரில் இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் உள்ள கோப்பை ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு பிரதியாக வையுங்கள். இணைப்பு முழுப்பாதையில் இருக்கட்டும். ஒரு கோப்பு 2 ஜிபி வரைதான் வளரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு டேட்டாபேஸ்) கோப்பை ஷேரில் வைத்து ஓட்டலாமா என்று உங்களில் ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: வேண்டாம். நெட்வொர்க் ஃபோல்டரில் அதன் பூட்டுகளை நம்ப முடியாது, ‘வால்’ என்று சுருக்கிச் சொல்லும் ‘ரைட்-அஹெட் லாக்’ முறையோ அங்கே வேலையே செய்யாது.

புது மடிக்கணினி, விண்டோஸ் 11 புரோ. பழைய நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் சேமிப்புப் பெட்டி) திறந்தால் ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது’ என்கிறது. எனக்கு நிறுவனமே இல்லை, ஒரு அச்சுக்கடைதான்.
— அச்சகத்தார்

கொள்கை மைக்ரோசாஃப்டுடையது, பழி உங்கள் நிறுவனத்துக்கு. பாஸ்வர்ட் இல்லாமல் ‘கெஸ்ட்’டாகத் திறக்கும்படி நாஸை அமைத்திருப்பீர்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோவில் கெஸ்ட்டாகப் போவது அடைக்கப்பட்டிருக்கிறது. அதோடு நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்ற விதியும் வந்தது. பாஸ்வர்ட் இல்லாத கெஸ்ட்டால் கையொப்பம் இட முடியாது. அதனால் இணையத்தில் சொல்லும்படி கெஸ்ட்டை மட்டும் திரும்பத் திறந்துவிட்டாலும் வேலைக்கு ஆகாது, கையொப்பத்தையும் நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டு பூட்டையும் உடைப்பதற்குப் பதில் நாஸில் பாஸ்வர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, அதை கிரெடென்ஷியல் மேனேஜரில் சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எஸ்எம்பி என்பது ஷேர்களைத் திறக்கக் கணினிகள் பேசிக்கொள்ளும் மொழி; நாஸின் அமைப்பில் எஸ்எம்பி2 அல்லது எஸ்எம்பி3 என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பெட்டியானால் அதற்கு ஓய்வு கொடுங்கள். 2017 மே மாதத்தில் உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியிலிருந்தே விண்டோஸில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ போய் அதைத் திரும்பப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய நகலெடுக்கும் இயந்திரங்களுக்கும் இதே சீக்குதான். அவற்றுக்கு எஃப்டிபி வழி இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வர்ட் சரியாகத்தான் கொடுக்கிறேன், 1326 வருகிறது. தினமும் அதே நான்கு எண்ணில்தான் கணினியைத் திறக்கிறேன்.
— கிளினிக் முகப்பு

நான்கு எண் என்றால் அது ‘பின்’ நம்பர், பாஸ்வர்ட் அல்ல. ‘பின்’ நம்பர் அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. ஷேர் உள்ள கணினியில் தனியாக ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி அதன் பாஸ்வர்டைக் கொடுங்கள். பாஸ்வர்டைக் காலியாக விடாதீர்கள், காலிப் பாஸ்வர்ட் உள்ள கணக்கு நெட்வொர்க் வழியாக நுழைவதை விண்டோஸ் அனுமதிக்காது.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் டிரைவ் மீது சிவப்புப் பெருக்கல் குறி. எக்ஸ்புளோரரில் ஒருமுறை தட்டிய பிறகுதான் புரோகிராம் ஓடுகிறது.
— தோட்ட அலுவலகம்

15 நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் பக்கம் இணைப்பை அறுப்பது இயல்பான அமைப்பு. எக்ஸ்புளோரர் தட்டியதும் தானே திரும்ப இணைத்துக்கொள்ளும், சில பழைய புரோகிராம்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஷேர் உள்ள கணினியில் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் கான்ஃபிக் சர்வர் /ஆட்டோடிஸ்கனெக்ட்:-1’ கொடுத்தால் நிற்கும். அதே கணினி தூங்கப் போகாமல் ‘ஸ்லீப்’பையும் நிறுத்திவையுங்கள்.

பள்ளிக் கணினி அறையில் 25 கணினி. ஆசிரியர் கணினியில் உள்ள பயிற்சி ஃபோல்டரை முதலில் திறப்பவர்களுக்குத் திறக்கிறது, பின்வரிசை மாணவர்களுக்கு ‘இதற்கு மேல் இணைப்பு ஏற்க முடியாது’ என்று வருகிறது. நெட்வொர்க் பலவீனமா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

இல்லை, பிழை எண் 71 இது. விண்டோஸ் 10, 11 எதுவானாலும் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான். அது உரிமத்திலேயே உள்ள வரம்பு, ரெஜிஸ்ட்ரியில் மாற்றி மீற முடியாது. முந்தைய வகுப்பு விட்டுப்போன இணைப்புகளும் அந்த 20க்குள் சேரும் என்பதால், உங்களுக்கு மட்டும் ஆட்டோடிஸ்கனெக்ட்டை 15இலிருந்து 5 நிமிடமாகக் குறைக்கச் சொல்வேன். ஆனால் 25 பேரும் ஒரே வகுப்பில் திறக்க வேண்டுமென்றால் அதுவும் போதாது. மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சம்பாவும் (விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டரை ஷேர் செய்யும் மென்பொருள்) போட்டு ஃபோல்டரை அங்கே மாற்றிவிடுங்கள், அதற்கு இந்த 20 வரம்பு கிடையாது. அமைக்கும்போது மாணவர்களுக்கென்று பாஸ்வர்டோடு ஒரே ஒரு யூசர், வாசிக்கும் உரிமை மட்டும். ஆசிரியருக்குத் தனி யூசர், எழுதும் உரிமையோடு.